இருநூற்று முப்பது வோல்ட்

சக்குபள்ளத்துக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் பச்சை மங்கி வெளுத்து வந்துகொண்டிருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவள் கத்தரீனாள். முட்டி தேய்ந்து, சரிவில் இறங்கிப் பறிக்க முடியாமல்தான் அந்த வேலைக்கு வந்திருந்தாள். ஹீட்டரைப் போடாமல் அவள் தூங்குகிறாள் என்று மேனேஜர் முடிவுகட்டினார். தப்பு அவளுடையது என்றால் மறுபடி சரிவுதான் என்றும் சொல்லிவிட்டார். சாயங்காலமானால் ஸ்டோர் பல்பு மங்குகிறது, ஹீட்டரும் சூடேறவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பல்பைப் பற்றி யார் கேட்டது என்றார் அவர்.

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. கல்பாத்தியிலிருந்து வெங்கிடேஸ்வரன் என்ற ஓய்வுபெற்ற இன்ஜினியரை வரவழைத்தார்கள். விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் வந்த பட்டங்கள் அட்டையின் மறுபக்கத்துக்கும் போயிருந்தன. சாயங்காலம் அவருடைய ஜீப் வளைவில் முனகியது.

அந்தச் சத்தத்துக்கே கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் அத்தனை வீடுகளிலும் வாளிக்குள் கிடந்த ஹீட்டர் ராடுகள் வெளியே வந்தன. கம்பெனி கரண்டில் வெந்நீர் வைக்கக் கூடாது என்பது எஸ்டேட் சட்டம். மழையில் ஊறி வந்த உடம்புக்கு வெந்நீர் வேண்டும் என்பது லயத்துச் சட்டம். இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, மீட்டரோடு யார் வந்தாலும் ராடுகள் கட்டிலுக்கடியில் போய்விடும்.

இன்ஜினியர் அளந்தார்.

"வோல்டேஜ் இருநூத்தி முப்பது, கரண்ட் இருபது ஆம்பியர். வகுத்தா ரெசிஸ்டன்ஸ் பதினொண்ணரை ஓம். பெருக்கினா பவர் நாலாயிரத்து அறுநூறு வாட். ஹீட்டர் பேஷா இருக்கு, கேட்டேளா."

மேனேஜர் மந்திரம் கேட்பதுபோல் கேட்டார்.

"தெனமும் இப்பிடி இருக்காது சாரே," என்றாள் கத்தரீனாள்.

"ஓம் விதி தெனமும் மாறாதும்மா."

அது உண்மைதான். அந்தப் பதினொன்றரை ஓமும் பெரிதாக மாறாது. ஆனால் ஸ்டோருக்கும் லயத்துக்கும் ஒரே லைன்; எல்லா ராடும் தண்ணீரில் கிடக்கும்போது வோல்டேஜ் நூற்று அறுபத்தொன்றுக்கு இறங்கிவிடும். அதே ஹீட்டரில் அப்போது ஓடுவது பதினாலு ஆம்பியர். பெருக்கினால் இரண்டாயிரத்துச் சொச்சம் வாட், பாதிகூட இல்லை. இதை விதி காட்ட வேண்டுமானால் லயம் ஒத்துழைக்க வேண்டும்.

கத்தரீனாள் நொண்டிக்கொண்டே லயத்துக்கு இறங்கினாள். கொஞ்ச நேரம் எல்லோரும் ராடைப் போடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள்.

"எங்க வீட்ல ஏதுக்கா ராடு? வெறகடுப்புதான்," என்றாள் பக்கத்து வீட்டு அன்னாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாளியில் ஆவி பறந்தது.

கத்தரீனாளின் புருஷன் அமிர்தநாதன் கும்பிடாத குறையாகச் சொன்னான். "பேசாம இரு. லயத்தையே காட்டிக் குடுத்துட்டு நாளைக்கு யாரு மூஞ்சில முழிப்ப?"

"முட்டி எனக்குத்தான வலிக்குது," என்று தன் ராடை எடுத்து வாளியில் போட்டாள்.

ஒற்றை ராடுக்கு வோல்டேஜ் இருநூற்று இருபத்துமூன்றுக்கு இறங்கியது. இன்ஜினியர் துள்ளிக்கொண்டு கிளம்பினார். ஒயரைத் தொடர்ந்து நேராக அவள் வாளிக்கு வந்து சேர்ந்தார். ஸ்டோர்க்காரியே திருட்டு ராடு போடுகிறாள், பிறகு காய் வெளுக்காமல் என்ன செய்யும் என்று மேனேஜரிடம் விளக்கினார். ராடு பறிமுதலானது. மறுநாள் கத்தரீனாள் சரிவில் நின்றாள்.

ஸ்டோருக்கு அவள் இடத்தில் நிமி என்ற பெண் வந்தாள். காய் வெளுத்தது. இன்ஜினியரை மறுபடி கூப்பிட்டார்கள்.

அன்னாளுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் தன் வாளியிலிருந்து கத்தரீனாளுக்கும் வெந்நீர் கொடுத்துவந்தாள். அன்றும் கத்தரீனாள் முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தபோது வளைவில் ஜீப் முனகியது. அன்னாள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னும் சூடு ஏறலக்கா."

"பரவால்ல, ஊத்து."

வெதுவெதுப்பாகக்கூட இல்லை. மேலே ஸ்டோர் பல்பு பளிச்சென்று எரிந்தது.