விசிட்டர் சாப்பிட்டுவிட்டார்

ஒரே பொருளைத் தருவதாகப் புகார் வரும் ஆங்கிலச் சொற்களை அகராதி அலுவலகத்து ஊழியர்களான நாங்கள் எங்கள் வீட்டுக்கு வரவழைத்துப் பார்ப்போம். வித்தியாசம் தெரிந்தால் இரண்டும் பிழைக்கும். தெரியாவிட்டால் ஒன்றை அகராதியிலிருந்து நீக்கிவிடுவோம். சென்ற திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்தவர்கள் விசிட்டரும் கெஸ்ட்டும்.

கெஸ்ட் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். விசிட்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியாஸ்பத்திரி வாசலில் 'விசிட்டர் நேரம்: நான்கு முதல் ஆறு வரை' என்ற பலகையில் இருபத்தெட்டு வருடமாக இருப்பவர். "அந்த போர்டை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல சார்," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த வித்தியாசமே போதும், அன்றே அறிக்கை எழுதிவிடலாம் என்றிருந்தேன்.

கெடுத்தவள் என் மனைவி செண்பகவல்லி. விசிட்டர் கிளம்ப எழுந்ததும், "சாப்பிடாம இந்த வீட்டு வாசப்படிய யாரும் தாண்டினதில்ல. உக்காருங்க," என்று இலையைப் போட்டாள். இரண்டாம் முறை ரசம் வாங்கியதும் விசிட்டருக்குக் கண் சொக்கியது. கெஸ்ட்டின் பாயிலேயே படுத்துவிட்டார்.

மாலையில் என் அதிகாரி அல்லிராஜன் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் மணி ஆறு அடித்தும் பார்க்க வந்த ஒருவரும் போகவில்லையாம். நோயாளிகளை நகரச் சொல்லிப் படுக்கிறார்களாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா விசிட்டரை நீக்கிடுங்க," என்றார்.

காலையில் விஷயம் தெரிந்ததும் விசிட்டர் பதறி எழுந்தார். "நான் போறேன் சார்."

"போறேன்னு சொல்லக் கூடாது," என்றாள் செண்பகவல்லி. "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

சொன்னார். சொன்னால் செய்கிறவர் என்பதால் அன்று சரியாக நான்கு மணிக்கு ஆப்பிளும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். யாரைப் பார்க்க என்று நாங்கள் கேட்கவில்லை. கெஸ்ட் ஏற்கெனவே கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முனகலும் சுமாராக இருந்தது. விசிட்டர் ஸ்டூலில் அமர்ந்து, "இப்ப பரவாயில்லையா?" என்று விசாரித்தார்.

ஆறு மணிக்குச் செண்பகவல்லி பூஜை மணியை அடித்தாள். விசிட்டர் எழுந்தார். ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் எழுந்தார்களாம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'ஒருவர் இருப்பவர், மற்றவர் பார்க்க வருபவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் கதவைத் திறந்தால், ஆஸ்பத்திரிப் பலகை எங்கள் வாசலில் தொங்கியது. விசிட்டர் அதில் புது பெயிண்டில் பளபளத்தார். உள்ளே வந்த டாக்டர் கெஸ்ட்டின் நாடியைப் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

செண்பகவல்லி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள்.