சும்மா கிடந்த கழனி

என் புருஷன் கோதண்டத்துக்கு வாயில் சனி. வெள்ளாமை எப்படி என்று யார் கேட்டாலும், "ஏதோ கீது" என்பார். களம் நிறைய நெல் குவிந்தாலும், "எலி துன்னது போக மீதி" என்பார். உள்ளதைச் சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம். நான்கு தலைமுறையாக அந்த வீட்டு ஆம்பிளைகள் இப்படிப் பேசித்தான் ஐந்து காணிக் கழனியைக் காப்பாற்றினார்களாம்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த வருஷம், வைகாசியில், பட்டாளத்துக்கு இடம் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் ஆவடிக்கு வந்தான். நாங்கள் கோடை உழவு ஓட்டி, எரு கொட்டி, மண்ணைக் காயவிட்டிருந்தோம். ஆடியில் விதைக்க வேண்டும். துரையோடு வந்த குமாஸ்தா ஜானகிராமன் வரப்பில் நின்று இவரைக் கேட்டார்.

"நெலத்துல என்னய்யா போட்டிருக்கே?"

"சும்மாத்தான் கெடக்குதுங்க."

"என்ன வெளையும்?"

"பெருசா இன்னா வெளையப் போவுது சாமி. ஏதோ, கஞ்சிக்கு ஆவும்."

அந்த ஆள் தரிசு என்று எழுதிக்கொண்டு போனார்.

இருபதாம் நாள் தலையாரி தங்கவேல் காகிதம் கொண்டுவந்தார். தரிசு நிலத்தை வெள்ளிக்கிழமைக்குள் விட்டுவிட வேண்டுமாம். பக்கத்துக் கழனி கங்காதரன் வாய் கிழியப் பெருமை பேசுகிறவன். அவன் நிலத்தை விளைகிற நிலம் என்று எழுதி, தொடாமல் விட்டுவிட்டார்கள்.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? உன் கண்ணுல கொள்ளி வைக்க. எவன் கண்ணுக்குப் பயந்தியோ அவனுக்கே தூக்கிக் குடுத்துட்டியேய்யா" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். இவர் மூன்று நாள் சோறு தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை துரையும் குமாஸ்தாவும் முன்னால் வர, பின்னால் லாரி வந்தது. இவர் போய் லாரி முன்னால் நின்றார். பிறந்ததிலிருந்து பேசாததையெல்லாம் அன்றைக்குப் பேசினார்.

"தரிசு இல்ல சாமி இது. காணிக்கு இருபது மூட்டை காணும். தாது வருஷத்துப் பஞ்சத்துல ஊருக்கே கஞ்சி ஊத்துன மண்ணு. எங்க முப்பாட்டன் வெட்டுன கெணறு அதோ கீது, ஒரு கோடையிலயும் வத்துனது இல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன். தொரை கையில சொல்லுங்க, நான்தான் பொய் சொல்லிட்டேன்."

தொண்டை கட்டும்வரை பேசினார். இவர் பேசிய அத்தனைக்கும் ஜானகிராமன் துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். துரை சிரித்தான். இவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு லாரிக்காரனுக்குக் கை காட்டினான்.

நான் உழுத மண்ணை ஒரு கை அள்ளி அந்தக் குமாஸ்தா மூஞ்சியிலேயே தூற்றினேன். லாரி அதற்குள் கழனியில் இறங்கிவிட்டது.