சகலையின் வியட்நாம்

என் சகலை வியட்நாம் போய்விட்டு வந்தவர். இதை யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவரோடு லிஃப்டில் இரண்டு மாடி ஏறினால் போதும், இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஷவர், வாஷ்பேசின், விதவிதமான குழாய்கள். நான் மனசுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே குழாய்தான். கடையில் இருப்பதையாவது திருகினால் நிறுத்திவிடலாம். இவரை எந்தப் பக்கம் திருகுவது என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

என் தொழில் வேறு மாதிரி. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது நிஜமான சேதம், எது கதை என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்பவன் நான். "நிறுத்தி வெச்சிருந்தேன் சார், யாரோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்பார்கள். பம்பரில் அவர்கள் வீட்டு கேட்டின் பச்சை பெயின்ட் ஒட்டியிருக்கும். காலையிலிருந்து மாலை வரை பொய் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மேல் எனக்கிருந்த மரியாதை தேய்ந்த டயர் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஊரில் பாதிப் பேர் முட்டாள், மீதிப் பேர் புளுகன் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு வசதிதான்.

எங்கள் மகள் படிக்க விடுதிக்குப் போன பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் அன்பாகப் பேசிவிட்டு வருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வாள். கேட்டதற்குப் பதில், அதோடு சரி. கல்யாணமான புதிதில் இவள் பேச ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அவ்வளவு பேசுவாள். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். ஹனோய் நகரத்து நடைபாதை. ஒரு பெண்மணி மாட்டிறைச்சியைக் காகிதம் போல் சீவி நூடுல்ஸ் மேல் பரப்பி, கொதிக்கும் சூப்பைக் கரண்டியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், அதில் குந்தியபடி ஜனங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க போலாமாங்க? நாலு நாள் போதும். இந்த ஸ்டூல்ல உக்காந்து இதைச் சாப்பிடணும்" என்றாள்.

"இது நர்சரி ஸ்கூல் ஸ்டூல். உன்னைத் தாங்குமா?" என்றேன் தமாஷாக.

அவள் போனைத் திருப்பிக்கொண்டாள். தமாஷை ரசிக்கத் தெரியாத குடும்பம் அது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம். நாலு நாள், நாங்கள் இரண்டே பேர், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊர். அங்கே அவள் பழையபடி பேசுவாள் என்று நம்பினேன். சொல்லப்போனால் எனக்கு அந்த ஊரும் வேண்டாம், சூப்பும் வேண்டாம். அந்தப் பேச்சுதான் வேண்டும்.

"சரி, போலாம்" என்றேன்.

"அக்கா வீட்ல கேட்டுக்கலாம். மாமா எல்லாம் சொல்லுவாரு" என்றாள். சிவபூஜையில் கரடி புகுந்தது.

மறுநாளிலிருந்து குழாய் திறந்துகொண்டது. நான் யார் வண்டியின் அடியிலாவது படுத்து, சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன், போன் அடிக்கும்.

"தம்பி, ஹாலாங் பே போனா படகுலயே ஒரு ராத்திரி தங்கிடணும். பாறையெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து எழுந்து நிக்கும் பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"சரிண்ணே."

"அந்த நூடுல்ஸ் சூப் இருக்கே, ஃபோ, அதைக் காலைலதான் சாப்பிடணும். அமிர்தம் தம்பி. அப்புறம் முட்டைக் காபின்னு ஒண்ணு. மேல நுரை மாதிரி நிக்கும், கரண்டியால எடுத்துச் சாப்பிடணும். அமிர்தம்."

"பான் மி-ன்னு ஒரு ரொட்டி இருக்காமே, அது எப்படிண்ணே?"

"அதுவும் அமிர்தம்தான்."

அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. தின்றவனுக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும், பல்லில் எது சிக்கியது என்று தெரியும். ஒருத்தனுக்கு எல்லாமே அமிர்தம் என்றால் அவன் எதையும் தின்னவில்லை என்று அர்த்தம். விபத்தைப் பார்க்காத சாட்சியும் இப்படித்தான், "பயங்கரமா இருந்துச்சு சார்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து கையைக் கழுவுவதற்குள் குழாய் தன் வியட்நாம் படங்களை டிவியில் போட்டுவிட்டார். ஏரிக்கரையில் அவர், பொம்மலாட்டக் கொட்டகை வாசலில் அவர், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அவர். பிறகு சாப்பாட்டுப் படங்கள் வரிசையாக வந்தன. என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இது என்ன மாமா, இலையெல்லாம் தனியாத் தட்டுல குடுத்திருக்காங்க? அப்படியே பிச்சுப் போடணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் இதில் கால்வாசி கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெற்றி வியர்க்கக் கதை விடும் ஒரு குழாய் வியாபாரி, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு என் மனைவி.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். "எல்லாப் படத்துலயும் கிண்ணம் ரொம்பி இருக்கே. பாதி காலியான கிண்ணம் ஒண்ணு கூட இல்லையே."

"படம் எடுத்துட்டுதானே தம்பி சாப்பிடுவோம்."

"எடுங்க. ஆனா உதட்டோரமா ஒரு பொட்டு எண்ணெய் இருக்கணுமே. சட்டையில ஒரு சொட்டு சாஸ்? சாப்பிடற குச்சியைப் பாருங்க, ஜோடி பிரிக்காம உறைக்குள்ளயே இருக்கு. எத்தனை இடம் போயிருக்கீங்க, எல்லா இடத்துலயும் உறைக்குள்ளயேதான் இருக்கு." வேலையில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது. "அங்க நீங்க என்னதான் சாப்பிட்டீங்க? உள்ளதைச் சொல்லிடுங்க."

குழாய் ரிமோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். காது மடல் வரை சிவந்துவிட்டது. கடைசியில் மனைவியின் அக்காதான் பேசினாள்.

"அவருக்கு அங்க எல்லாத்துலயும் ஊத்தற மீன் சாஸ் வாசனை ஒத்துக்கலைங்க. முதல் நாளே குடலைப் பிடுங்கிட்டு வந்துடுச்சு. நாலு நாளும் பன்னும் வாழைப்பழமும்தான். படம் எடுத்ததும் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிடுவாரு. ரெண்டு பேர் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். ரூம்ல போய் உக்காருங்கன்னேன், கேக்கல. எதிர்ல உக்காந்து நான் சாப்பிடறதையே பாத்துட்டிருந்தாரு."

"அவ ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிட்டே சாப்பிடுவா தம்பி. கேக்கவே நல்லா இருக்கும்" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி.

வாக்குமூலம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷமாக இரண்டு குடும்பத்துக்கும் வியட்நாம் சாப்பாட்டை வகுப்பெடுத்த மேதை, அங்கே போய் வாழைப்பழம் தின்றுவிட்டு வந்திருக்கிறார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் "அமிர்தம் தம்பி, அமிர்தம்" என்று அவர் குரலில் சொல்லிக் காட்டினேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்துவந்து, மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே அந்த ஆளோட யோசனை நமக்கு வேண்டாம். நாளைக்கே ரெண்டு டிக்கெட் போட்டுடறேன்" என்றேன்.

"நாலு போடுங்க."

"என்னது?"

"அக்காவும் மாமாவும் வர்றாங்க."

"அதானே பாத்தேன். மெல்லத் தொத்திக்கிட்டாரா? வெக்கம் கெட்ட ஜென்மம். அந்த வாசனையே ஆகாதவர் திரும்ப அங்க எதுக்கு? ஒண்டிக்கிட்டுப் படம் எடுக்கவா?"

"அவர் வரலைன்னுதான் சொன்னாரு" என்றாள். "புருஷன் பொண்டாட்டி போற இடத்துக்கு நாங்க எதுக்கும்மான்னாரு. நான்தான் விடாம கெஞ்சினேன். நேத்துதான் சரின்னாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் புரியவே இல்லை. "எதுக்குக் கெஞ்சின?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஊசி குத்துவதற்கு முன் நோயாளிகளிடம் பேசும் குரலில் சொன்னாள்.

"அவங்க கூட இருந்தா நீங்க அவரைப் பேசிட்டு இருப்பீங்க. அவர் நடக்கறது, அவர் தின்னறது, அவர் சொல்ற பொய். அந்த நேரத்துல நான் நிம்மதியா சாப்பிட்டுக்குவேன். அவங்க இல்லைன்னா நாலு நாளும் நீங்க குத்தம் சொல்ல அங்க நான் ஒருத்திதானே இருப்பேன்?"

"நான் உன்னை என்ன சொல்லிட்டேன்?"

"அதெல்லாம் நான் எண்ணி வெச்சுக்கலைங்க. சண்டைக்கும் சொல்லல. தோணுச்சு, சொன்னேன்." என் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். இந்த டீ முடியற வரைக்கும் ஏதாவது பேசுங்க. எதைப் பத்தி வேணா பேசுங்க. யாரையும் மட்டம் தட்டாம பேசுங்க. பேசிட்டீங்கன்னா அக்காகிட்ட நானே வேண்டாம்னு சொல்லிடறேன். நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்."

இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். ஒரு மடக்கு குடித்தேன். சர்க்கரை குறைவு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அலுவலகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று பார்த்தால், அங்கே இருப்பவன் ஒவ்வொருவனும் ஒரு அரைவேக்காடு. எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியிருக்கிறார். வாங்கிய வண்டியோ தகர டப்பா. மகளைப் பற்றிப் பேசலாம். அவள் எடுத்திருக்கும் படிப்பு எதற்கும் உதவாது என்று அவளிடமே சொல்லியாகிவிட்டது. இவளைப் பற்றியே ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்து பார்த்தேன். முன்தலையில் நரை கூடியிருந்தது. சாயம் அடிக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"இன்னிக்கு…" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. தன் டீயை மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள். ஒரு மடக்கு, பிறகு நீண்ட நேரம் சும்மா இருப்பது, பிறகு இன்னொரு மடக்கு. நான் ஜெயிக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கடைசி மடக்கை ஆறிப்போகும் வரை வைத்திருந்தாள். அப்புறம் அதையும் குடித்துவிட்டு, என் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பரவால்லைங்க" என்றாள்.

நான் போனை எடுத்துச் சகலையைக் கூப்பிட்டேன். மதியம் அவ்வளவு பேசியதற்கு அவர் எடுக்கவே மாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாளைக்கு டிக்கெட் போடறேன். பாஸ்போர்ட் விவரம் அனுப்புங்க, உங்களோடதும் அண்ணியோடதும்" என்றேன்.

"அப்படியா தம்பி? ரொம்ப சந்தோஷம். நான் பேக் நிறைய பன் எடுத்துக்கறேன், இந்த வாட்டி யார்கிட்டயும் மறைக்க வேண்டியதில்லை பாருங்க" என்று சிரித்தார். சூடு சுரணை இல்லாத மனுஷன். அப்படித்தான் நினைத்தேன். அதைத் தவிர வேறு எதுவும் நினைக்க எனக்கு வரவில்லை.

சமையலறையில் என் மனைவி அக்காவைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. "அந்த இலையையெல்லாம் பிச்சுப் போட்டுத்தான் சாப்பிடணும்க்கா… இல்லக்கா, முதல் நாளே அந்தக் கடைக்குப் போயிடணும்… ஸ்டூல் உடைஞ்சா உடையட்டும், தரையில உக்காந்து சாப்பிடுவோம்…" சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூச்சு விடாமல் பேசினாள். எனக்குத் தூக்கம் வரும் அளவுக்குப் பேசுவாளே, அதே வேகம், அதே குரல். நான் வெளியே மேஜை முன்னால் உட்கார்ந்து, நான்கு பேருக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன்.