சோகத்துக்குப் பத்துக்கு நாலு

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் மூன்று தெரு தள்ளித் தூங்கும் நாய்கள் எழுந்து உட்காரும். நம்பாதவர்கள் அன்று காலை ஏழாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் டீச்சர் வந்திருந்தார். கடைசி பெஞ்சுக்காரி நேரே மேசைக்கு வந்து ஒரு நோட்டைத் திறந்து வைத்தாள்.

அது மனசு நோட்டு. தினமும் முதல் பாடத்துக்கு முன் பத்து நிமிடம், மனதில் இருப்பதைப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். "இதை யாரும் படிக்க மாட்டாங்க, நான் உள்பட" என்று வருடத் தொடக்கத்தில் வாக்குக் கொடுத்து, நாற்பத்திரண்டு நோட்டுகளையும் டீச்சர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஒரு மாதம் வெறும் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள் இந்தப் பெண். பிறகு எழுதத் தொடங்கினாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள், டீச்சரின் மட்டமான ஜோக்குக்குக்கூட ஒருநாள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு ஊர்வலமே நடத்தியிருக்கலாம்.

இப்போது அவள் விரல் வைத்த பக்கத்தில் சிவப்பு மை.

'அம்மா தனியா இருக்காங்க. பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா போன்ல ரகசியமா பேசுறேன். வச்சதும் அழுகையா வருது.' அதன் கீழே தலைமையாசிரியரின் முத்து முத்தான கையெழுத்து: 'இன்னும் விரிவாக எழுதவும். 4/10. பெற்றோர் கையொப்பம் தேவை.'

"பெரிய சார் கூப்பிட்டுக் குடுத்தாரு. நாளைக்குள்ள அப்பாகிட்ட கையெழுத்து வாங்கணுமாம்," என்றாள். "யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே டீச்சர்."

டீச்சர் படியிறங்கினார் என்று சொன்னால் பொய். படிக்கட்டுதான் பயந்து ஒதுங்கியது.

அறையில் தலைமையாசிரியர் மும்முரமாகத் திருத்திக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, உடம்பு தேவலையா? மாத்துச் சாவி போட்டு எடுத்தேன். இருபத்தெட்டு நோட்டு முடிச்சாச்சு. பிள்ளைங்க மனநலத்துக்கு என்ன செஞ்சீங்கன்னு மேலதிகாரிங்க கேட்டா, காட்ட மார்க் வேணாமா?"

"அழுகைக்கு எப்படி சார் மார்க் போடுறீங்க? விம்மினா அஞ்சு, ஓன்னு அழுதா பத்தா?"

"கிண்டல் வேணாம். பெத்தவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா மொத ஆளா நான் ஓடுவேன். சொல்லணும்னு தோணுறப்ப அதுங்களே வந்து சொல்லும். அப்பாகிட்ட இந்தக் கையெழுத்தைக் கேட்டா அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு அம்மாகூடப் பேசுறதே நின்னுடும், தெரியுமா உங்களுக்கு? நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்களேன். வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க, நான் மார்க் போடுறேன்!"

தலைமையாசிரியரின் முகம் போன போக்கில் மின்விசிறியே ஒரு சுற்று தவறியது.

"எழுத்துப்பூர்வமா விளக்கம் கேப்பேன்!"

"கேளுங்க. பக்கம் பக்கமா எழுதுறேன். அதை ஊரே படிக்கட்டும்."

திருத்தியது, திருத்தாதது எல்லாவற்றையும் வாரி, முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார்.

"பூட்டினா போதும்னு நெனச்சேன். இன்னொரு சாவி இருக்குங்கறதை யோசிக்கல. தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க. யாரும் கையெழுத்து வாங்க வேணாம். இனிமே நோட்டு உங்களோடது. பையில வைங்க, கிழிச்சுப் போடுங்க, உங்க இஷ்டம்."

"பெரிய சார் கேட்டா?" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

"டீச்சர் தின்னுட்டாங்கன்னு சொல்லு."

அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். எறும்புகூடப் படிக்க முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு புதுப் பக்கத்தைத் திருப்பி, இடது கையால் அணை கட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

டீச்சர் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் மட்டும் இறங்கவில்லை. பாடத் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் மூன்று சாக்பீஸ் தூளாகிவிட்டது.