ஆளுக்கு ஒரு எழுத்து

ஆன்சனின் நோட்டில் இருபத்து மூன்று படிகள் இருந்தன. பதினேழாவது படிவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் அவன் அறையில் நாலு கட்டில், நாலு பேர், எல்லோரும் சேர்ந்து வாங்கிய ஒரு பழைய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் விழிக்கும். அதில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு, உள்ளே போய், திரையில் தன் பெயர் தெரிய ஒரு போட்டோ எடுத்து, அன்றைக்கே, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று மாலை வகுப்பு சம்யுக்தா மேடம் சொல்லியிருந்தார். அனுப்பினால் சர்ட்டிபிகேட். அது இருந்தால் கம்பெனி ஸ்டோரில், ஏசிக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மறுநாள் காலை நேர்முகம். இல்லையென்றால் ஜூலை வெயிலில் சாரம் கட்டுகிற அதே வேலை.

பதினெட்டாவது படி, பெயரும் பாஸ்வேர்டும்.

ஆன்சன் தன் பெயரை அடித்தான். அறையிலேயே மூத்தவரான வைரவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நாலு பேரு மிஷின்ல உன் பேரு மட்டும் எதுக்குடா?"

"ஒரு பேருதான் கேக்கு அண்ணே. மேடத்துக்கு என் பேரு தெரியணும்."

"சரி, போ. கீழ என்னமோ பாஸ்போர்ட்டுன்னு கேக்குதே?"

"பாஸ்போர்ட்டு இல்லண்ணே, பாஸ்வேர்டு. அது இல்லாம யாரும் உள்ள போவ முடியாது."

"அதை யாரு வச்சிருப்பா?"

"நாந்தான்."

வைரவன் மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா? பதினாலு வருஷமா கஃபீல்னு ஒரு முதலாளி விசாவைக் குடுத்துட்டு என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சிருக்கான். இப்ப ரூமுக்குள்ளயே ஒரு கஃபீல் கிளம்பிட்டான்!"

"எல்லாரிட்டயும் சொல்லிருதேன் அண்ணே."

"எல்லாருக்கும் தெரிஞ்சா அது என்ன பூட்டு?" என்றான் மேல் கட்டிலில் கிடந்த விமல்.

கடைசியில் நாலாவது ஆளான பாலகுருதான் வழி சொன்னான். ஆளுக்கு ஒரு எழுத்து. நாலு பேரும் இருந்தால்தான் திறக்கும். யாரும் கஃபீல் இல்லை.

ஆன்சன் நோட்டைப் புரட்டினான். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒருவர் அழுத்தும்போது மூன்று பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். முதலில் வைரவன், பிறகு விமல், மூன்றாவது பாலகுரு, கடைசியில் ஆன்சன். உறுதி செய்யச் சொல்லி மறுபடி கேட்டது. மறுபடி சுவர். அப்புறம் பாஸ்வேர்டு பலவீனமானது என்று திரையில் ஒரு வரி வந்தது.

"நாலு ஆம்பள சேர்ந்து அழுத்தியிருக்கோம், பலவீனமாம்!" என்று விமல் கொதித்தான். ஆன்சன் அடுத்த பட்டனை அழுத்தினான்.

மூன்றேகால் மணிக்கு, நீலக்கோடு பாதி தூரம் ஊர்ந்திருந்தபோது, கீழே பஸ் ஹாரன் அடித்தது. ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் பாலகுருவின் கேங்குக்கு மட்டும் அவசர வேலையாம். "யல்லா, யல்லா!" என்று சூப்பர்வைசர் கத்த, பாலகுரு சட்டைக்குள் ஒரு கையை மட்டும் விட்டபடி ஓடினான். அவனோடு மூன்றாவது எழுத்தும் போனது.

நாலரைக்குக் கம்ப்யூட்டர் விழித்தது. 'ஆன்சன்' என்ற பெயர், கீழே ஒரு காலிக் கட்டம்.

"பாலகுருவுக்கு 'பி'தான்," என்றான் விமல். சுவர், எழுத்து, சுவர், எழுத்து. திறக்கவில்லை. அவன் மனைவி பெயர் ஜோதிமணி என்பதால் 'ஜே' போட்டார்கள். அதுவும் இல்லை. ஆன்சன் ஸ்பீக்கரைப் போட்டு அவனுக்குப் போன் அடித்தான்.

"நான் சொல்லிட்டா எங்கிட்ட என்னடா மிச்சம்?" என்றான் பாலகுரு பஸ் இரைச்சலில். "ஆலை கேட் வந்தா போனை வாங்கிருவாங்க. சீக்கிரம் பதிலுக்கு எதையாவது குடு."

"நியாயம்தானே," என்றார் வைரவன். "உன் பாஸ்போர்ட்டை எடு."

"அது கம்பெனில இருக்குல்லா அண்ணே."

"அப்ப நோட்டைக் குடு."

மணி நாலு ஐம்பது. இருபத்து மூன்று படிகளும் வைரவனின் தகரப்பெட்டிக்குள் போயின. பூட்டு விழுந்த சத்தத்தைப் போனில் கேட்கவைத்தார்கள்.

"சிரிக்கக் கூடாது," என்றான் பாலகுரு. குரல் இறங்கிவிட்டது. "நான் ஒண்ணும் அழுத்தலடா. என் கைபட்டுக் கெட்டுப்போச்சுன்னா? சும்மா மேல விரலை வச்சு எடுத்துட்டேன். ரெண்டு தடவையும்."

யாரும் சிரிக்கவில்லை. நேரமில்லை. வைரவன் அழுத்தினார், விமல் அழுத்தினான், ஆன்சன் அழுத்தினான். கட்டத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள். அன்றைக்கு எல்லாவற்றையும் எண்ணிய ஆன்சன், பாஸ்வேர்டு போட்டபோது புள்ளிகளை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தான். திரை திறந்தது. நாலு ஐம்பத்தேழுக்குப் போட்டோ போனது. ஒரு நிமிடத்தில் மேடத்திடமிருந்து 'பாஸ்' என்று பதில் வந்தது.

ஆன்சன் மூச்சு விட்டான். "அண்ணே, நோட்டு. நாளைக்கு நேர்முகத்துக்குப் படிக்கணும்."

வைரவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "பாலகுரு வரட்டும். கஃபீலைக் கேக்காம எப்படித் தர்றது?"

"அவன்தான் எதையும் அழுத்தவே இல்லியே!"

"கஃபீல் எப்படா வேலை பாத்தான்?"

"எப்ப வருவான்?"

"ஆலை வேலை. பத்து நாள் ஆகும்."

ஆன்சன் பேனாவை எடுத்தான். எழுதத் தாளில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்: படி 24. புள்ளிகளை எண்ணவும்.