சான் பெட்ரோ சூலாவில் ஒரு சல்வடோர்க்காரன்

எவெலியோ எல் சல்வடோர் நாட்டுக்காரன். நான்கு வருஷமாக ஹோண்டுராஸில், சான் பெட்ரோ சூலா நகரத்துக் கால்பந்துக் கிளப்புக்குக் கோல் அடித்துக்கொண்டிருந்தான். 1969 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அவன் நாடு ஹோண்டுராஸைத் தோற்கடித்தது. இரண்டு நாள் கழித்து அவன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது.

கதவை உடைத்துக்கொண்டு முதலில் வந்தவன் கறிக்கடை வில்மர். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எவெலியோவைத் தோளில் தூக்கிவைத்து ஆடியவன். இப்போது கையில் இரும்புக்குழாய்.

"வில்மர், நான்தான்டா!"

"தெரியும்டா. உன் ஊருக்கு நொண்டிக்கிட்டே போ!"

முதல் அடியிலேயே முழங்கால் நொறுங்கியது. எவெலியோ தரையில் சரிந்தான். அப்போது கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு துலியோ உள்ளே வந்தான். கிளப்பின் கோல்கீப்பர். அந்தத் தகுதி ஆட்டத்துக்கு ஹோண்டுராஸ் அணியோடு எல் சல்வடோரின் தலைநகர் சான் சல்வடோருக்குப் போய், அங்கே ரசிகர்கள் எறிந்த கல்லில் மண்டை பிளந்து, கட்டோடு திரும்பியிருந்தான்.

"தள்ளு துலியோ. உன் மண்டைய உடைச்சது இவன் ஆளுங்கதானே?"

"உடைஞ்சது என் மண்டை. நடுவுல நீ யாருடா?"

துலியோ விட்ட குத்தில் வில்மரின் பல் தெறித்தது. உடனே மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. துலியோ எவெலியோவின் மேல் குப்புற விழுந்து, பந்தை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டான். அடியெல்லாம் அவன் முதுகில் விழுந்தது. கட்டு நனைந்து ரத்தம் எவெலியோவின் கண்ணில் சொட்டியது.

பட்டாளம் வந்து கூட்டத்தைக் கலைத்தபோது துலியோவுக்கு நினைவில்லை. எவெலியோவை லாரியில் தூக்கிப் போட்டு எல்லைக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் இரு நாடுகளும் போரில் இறங்கின. துலியோ பிழைத்துக்கொண்டான் என்பது எவெலியோவுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. இருவருமே மறுபடி மைதானத்தில் இறங்கவில்லை.