மின்சார மாயாண்டி சிரித்த சிரிப்பு

அணுபுரத்தில் குடியிருந்த சுப்புராமனுக்கு இரண்டு பட்டம். அணுமின் நிலைய அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்ட். டீக்கடைக்கு வந்துவிட்டால் உலகத்தரத்து இயக்குநர். இரண்டாவது பட்டத்தைக் கொடுத்தவரும் அவரேதான். “விஞ்ஞானம் என் ரத்தத்துலயே ஓடுது” என்பார். அவர் கையில் ஓடியதென்னவோ நட்டும் போல்ட்டும் பினாயிலும்தான்.

தொண்ணூற்றேழில் அவர் எடுத்த படம் ‘மின்சார மாயாண்டி’. தூக்கில் போட்ட கொலைகாரனை ஒரு விஞ்ஞானி கரண்டு பாய்ச்சி எழுப்புவார். எழுந்தவன் ஊரையே நடுங்க வைப்பான். ஊர் நடுங்கும் என்று சுப்புராமன் நம்பினார். மனைவி வசுமதி நம்பவில்லை.

“தியேட்டர்ல ஒரே ஒருத்தர் பயந்து கத்தட்டும். அடுத்த படத்துக்கு நானே தேங்காய் உடைக்கறேன். இல்லேன்னா சினிமாவை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு, லீவு நாள்ல எனக்குக் காய் நறுக்கிக் கொடுங்க.”

“ஒருத்தரா? வாசல்ல ஆம்புலன்ஸ் நிறுத்தணும்டி!” என்றார் சுப்புராமன். செவ்வாய் கிரகத்துக்குக் குடிபோன ஒரு மாமியாரின் கதை அடுத்த படமாகப் பையில் தயாராக இருந்தது.

கோவளத்தில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனிதான் விஞ்ஞானியின் பரிசோதனைக்கூடம். பெரிய சினிமா கம்பெனிகள் படமெடுத்ததுபோக மிஞ்சிய துண்டு ஃபிலிம்தான் கைவசம். மாயாண்டியாக நடித்தவன் மீன்கூடைகளை லாரியில் ஏற்றும் தனகோடி. வாட்டசாட்டமான ஆள். அவன் தலையில் மாட்ட மின்சாரக் கவசம் வேண்டியிருந்தது. வசுமதியின் பெரிய குக்கரை ஓசைப்படாமல் தூக்கிவந்து, ஜிகினாத்தாள் சுற்றி ஒயர் செருகினார் சுப்புராமன். குக்கர் காணாமல்போன பழி வசுமதியின் தம்பி பாலா மேல் விழுந்தது. சுப்புராமன் அதை மறுக்கவில்லை.

“ஆக்‌ஷன்! கண்ணைத் திற! எழுந்திரு!”

காலையிலேயே லோடு ஏற்றிவிட்டு வந்த தனகோடி, குளுகுளு சிமெண்டு மேடையில் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான். கேமரா ஓடியது, குறட்டையும் ஓடியது, ஃபிலிமும் ஏறக்குறையத் தீர்ந்தது.

அப்போது இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள் அவன் மனைவி எல்லம்மாள். “இன்னா டைரக்டரே, பொணமா படுக்க வெச்சுட்டு அப்டியே வூட்டுக்கு அனுப்பிருவியா? சிரிக்க வெச்சுப் படம் புடி.”

செத்துப்போகிற காட்சியில் நடித்தவரைக் கையோடு எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைப்பது சினிமாக்காரர்களின் வழக்கம். அதில் தோஷம் கழியும்.

“அம்மா, அதெல்லாம் மூடநம்பிக்கை. இது விஞ்ஞானப் படம்.”

“விஞ்ஞானத்துக்கா தாலி கட்னான்? எனுக்குக் கட்னான்! சிரிக்க வை. இல்லேன்னா இட்டுகினு போயிருவேன்.”

மிச்சமிருந்த ஃபிலிம் துண்டைக் கேமராவில் மாட்டினார்கள். ஷாட் முடிந்ததென்று ஜிகினாத்தாளை ஏற்கெனவே பிய்த்தாகிவிட்டது. தனகோடி எழுந்தான். குக்கரைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைபோல வெட்கத்தோடு முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான். குக்கர் அன்றே சமையலறைக்குத் திரும்பியது. பாலா மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே நின்றது.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாயாண்டி எழுந்திருக்கும் காட்சி அந்தச் சிரிப்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் தூக்கம்.

“போகட்டும். கொலைகாரனின் புன்னகை. உளவியல்!” என்று சுப்புராமன் அதையே ஒட்டச் சொன்னார்.

செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் காலைக்காட்சி. இடி இடித்தது, மின்னல் வெட்டியது, வயலின் கதறியது. சுப்புராமன் திரையைப் பார்க்கவில்லை. கத்தப்போகும் வாய்களைத் தேடிக்கொண்டிருந்தார். மாயாண்டி எழுந்தான். சிரித்தான்.

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

“மச்சான், பொணம் பல்பொடி விளம்பரத்துக்கு வந்துகீதுடா!”

“ஆபரேட்டரு அண்ணாத்த, இன்னொரு தபா எழுப்பு!”

எல்லம்மாள் விரலை மடித்து விசிலடித்தாள். சுப்புராமனின் கண்முன் மலைமலையாக வெண்டைக்காய் குவிந்தது.

“ஐயோ!”

பக்கத்து சீட்டில் கிளம்பிய அலறலில் தியேட்டர் கப்சிப். வசுமதி எழுந்து நின்று, திரையை நோக்கி விரல் நீட்டி வெடவெடவென்று நடுங்கினாள். அங்கே மாயாண்டியின் மார்பில் குக்கர். அதில் புள்ளிபுள்ளியாகப் பொறித்த எழுத்து ஆளுயரத்துக்குத் தெரிந்தது: ‘வசுமதி திருமணம். பெரியப்பா சதாசிவம் அன்பளிப்பு.’

“என் குக்கர்! பொணத்துத் தலையில! ஐயையோ, அதுலதானே இத்தனை நாளா பருப்பு வேகவெச்சேன்!”

“பயந்துதானே கத்தினே?” சுப்புராமனின் முகம் பூரித்திருந்தது. “சொல்லு வசு, பயந்துதானே?”

வசுமதி நியாயஸ்தி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “பயந்துதான்” என்றாள். அதைச் சொன்னதுமே அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஆபரேட்டர் இரக்கப்பட்டு ரீலைத் திரும்ப ஓட்டினார். மாயாண்டி மறுபடி எழுந்தான். தனகோடியும் சீட்டைவிட்டு எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

“வாக்கு வாக்குதான். தேங்காய் உடைக்கறேன்” என்றாள் வசுமதி. “ஆனா கிரைண்டர்மேல கை வெச்சா, அடுத்த படத்துல பொணம் நீங்கதான்.”

“கடைசியில சிரிக்கவெச்சு எழுப்பிடுவே இல்ல?”

“அதை எல்லம்மாளைக் கேட்டுச் சொல்றேன்.”